சென்னை – சிங்கப்பூர்: வான்வழித் தூரமும் வணிகர் போட வேண்டிய நேரக் கணக்கும்

சிங்கப்பூருக்கும் நமக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் இன்று நேற்று ஏற்பட்டதன்று. மளிகை, காய்கறி, பூ, ஜவுளி, பாத்திரம், பூசைப் பொருள் என்று நம் ஊர்ச் சரக்குகள் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் தேக்கா சந்தையிலும் அன்றாடம் விற்பனையாகின்றன. கொள்முதலுக்காகவும், பாக்கி வசூலுக்காகவும், புதிய தொடர்புகளைத் தேடியும் நம் வணிகர்கள் அங்கு சென்று வருகிறார்கள்.

"சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டால், "நாலு மணி நேரம்" என்று எவரும் உடனே சொல்லிவிடுவர். சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த நாலு மணி நேரத்தை மட்டும் நம்பி வாங்குபவரிடம் வாக்குக் கொடுப்பவரும், வாடும் சரக்கை அனுப்புபவரும் கையைச் சுட்டுக்கொள்ள நேரிடுகிறது. விமானம் வானில் பறக்கும் நேரம் ஒன்று; பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் இன்னொன்று; நம் கடை வாசலிலிருந்து அவர் கடை வாசல் வரை ஆகும் நேரம் மூன்றாவது. இலாப நட்டம் தீர்மானமாவது இந்த மூன்றாவது நேரத்தில்தான். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தூரம் எவ்வளவு?

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் வரை நேர் வான்வழித் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். இதையே சிலர் 1,800 மைல் என்பர். வேறு சிலர் 1,570 மைல் என்பர். இரண்டும் சரியே. முதலாவது நாம் சாலையில் அறிந்த மைல், அது 1.609 கிலோமீட்டர். இரண்டாவது, கப்பலிலும் விமானத்திலும் வழங்கும் கடல் மைல், அது 1.852 கிலோமீட்டர். ஆகவே எவரேனும் தூரத்தை மைலில் சொன்னால், எந்த மைல் என்று கேட்டுக்கொள்வது நலம். தூரத்தை வைத்து வாடகை பேசும் இடங்களில் இந்த வேறுபாடு பணமாகவே தெரியும்.

நேர் தூரம் என்பதைச் சுவரில் தொங்கும் படத்தில் அடிக்கோல் வைத்து அளக்கக் கூடாது. பூமி உருண்டை, படமோ தட்டை. ஒரு பூகோள உருண்டையை எடுத்துக்கொண்டு இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அந்த நூல் படியும் வழியே மிகக் குறுகிய வழி. சென்னை – சிங்கப்பூர் பாதை பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் படத்தின் கோட்டுக்கும் நூலின் வழிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வடக்கே போகப் போக வேறுபாடு கூடும்.

அந்த நூல் வங்காள விரிகுடாவைத் தென்கிழக்காகக் கடந்து, பெரிய நிக்கோபார் தீவை ஒட்டிச் சென்று, சுமத்திராவின் வடமுனைக்கு அருகே மலாக்கா நீரிணையின் பக்கம் திரும்புவதுபோல் அமைகிறது. நம் முன்னோர் கப்பலில் சென்ற வழியும் ஏறக்குறைய இதுவேதான். கடல் வழித் தூரமும் சுமார் 1,600 கடல் மைலே. ஆக, கப்பலும் விமானமும் கிட்டத்தட்ட ஒரே நெடுஞ்சாலையில்தான் போகின்றன. வேறுபாடு வேகத்தில் மட்டுமே.

இந்தச் சாலை நம் வணிகர்களுக்குப் பழக்கப்பட்டது. 1025ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை நோக்கிச் சென்றது இந்தக் கடலில்தான். சுமத்திராவின் மேற்குக் கரையில், பாரூஸ் அருகே லோபு துவா என்னும் இடத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐநூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கு இருந்ததைச் சொல்கிறது. பிற்காலத்தில் நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்ற 'ரஜூலா' கப்பலை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீ விபத்துக்கு உள்ளான பிறகு பயணிகள் கப்பல் நின்றுபோனது. அது முதல் நமக்கு விமானமே வழி.

பறக்கும் நேரமும் சீட்டில் உள்ள நேரமும்

இவ்வழியில் செல்லும் ஜெட் விமானங்கள் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. 2,900ஐ 850ஆல் வகுத்தால் 3 மணி 25 நிமிடம் வருகிறது. ஆனால் பயணச்சீட்டின்படி கணக்கிட்டால் பெரும்பாலும் நான்கே கால் மணியிலிருந்து நான்கே முக்கால் மணி வரை வரும். மீதி நேரம் எங்கே போயிற்று?

சீட்டில் உள்ள புறப்படும் நேரம், விமானம் நிற்குமிடத்தை விட்டு அசையும் நேரம். வந்து சேரும் நேரம், அங்கே போய் நிற்குமிடத்தில் நிற்கும் நேரம். ஓடுபாதை வரை உருண்டு செல்வது, முன்னே நிற்கும் விமானங்களுக்குக் காத்திருப்பது, மெல்ல மேலேறுவது, இறங்குமுன் வேகத்தைக் குறைத்து வரிசையில் வருவது, இறங்கியபின் மீண்டும் உருண்டு செல்வது ஆகிய எல்லாம் இதில் அடக்கம். விமானங்கள் வகுக்கப்பட்ட வான்பாதைகளில் செல்ல வேண்டியிருப்பதால் நூல் பிடித்த தூரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே பறக்கின்றன. எதிர்பாராத தாமதத்துக்கென்று விமான நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்தே அட்டவணை போடுவதும் உண்டு.

இவற்றோடு காற்றையும் சேர்க்க வேண்டும். சூன் முதல் செப்டம்பர் வரை கீழே தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. பாய்மரக் காலத்தில் கிழக்கே போன கப்பல்களுக்கு அது துணைக்காற்று. ஆனால் அதே மாதங்களில் வான உயரத்தில் நிலைமை தலைகீழ். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து தென்னிந்தியாவின் மேலாக ஆப்பிரிக்காவை நோக்கி ஒரு வலிய கீழைக்காற்று ஓடுகிறது. இதை 1950களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தவர் பி. கோட்டீஸ்வரம் என்னும் இந்திய வானிலை அறிஞர். இக்காற்று மிக வலுவாக இருப்பது விமானப் பாதைக்குச் சற்று மேலே என்றாலும், விமானம் பறக்கும் உயரத்திலும் அதன் பாதிப்பு உண்டு.

கணக்காகப் பார்ப்போம். எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போகும்போது வேகம் 800 ஆகக் குறைந்து 3 மணி 37 நிமிடம் ஆகும். திரும்பும்போது வேகம் 900 ஆகி 3 மணி 13 நிமிடத்தில் முடியும். ஒரே தூரம், ஒரே விமானம், 24 நிமிட வேறுபாடு. மழைக்காலத்தில் போகும் பயணம் நீள்வதும், வரும் பயணம் குறைவதும் இதனால்தான்.

கடிகாரம் செய்யும் மாயம்

இனி, பலரையும் குழப்பும் விஷயத்துக்கு வருவோம். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. 1982 சனவரி 1க்கு முன் இந்த வேறுபாடு இரண்டு மணியாகத்தான் இருந்தது. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வேண்டுமென்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியபோது, சிங்கப்பூரும் உடன் சேர்ந்துகொண்டது.

ஓர் உதாரணம். இரவு 11.15க்குச் சென்னையில் புறப்படும் விமானம் மறுநாள் காலை 6.15க்குச் சிங்கப்பூர் சேருவதாகச் சீட்டில் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் ஏழு மணி நேரம். திரும்பும்போது இரவு 8 மணிக்குச் சிங்கப்பூரில் புறப்பட்டு இரவு 10 மணிக்குச் சென்னை சேருவதாக இருக்கிறது. கழித்துப் பார்த்தால் இரண்டே மணி நேரம்! உண்மையில் இரண்டு பயணங்களும் நாலரை மணி நேரப் பயணங்கள்தாம்.

இதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. போகும்போது தோன்றும் மணியையும் வரும்போது தோன்றும் மணியையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரிப் பயண நேரம் கிடைக்கும்: ஏழும் இரண்டும் ஒன்பது, பாதி நாலரை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பாதியாக்கினால் இரு ஊர்களுக்கும் உள்ள கடிகார வேறுபாடு கிடைக்கும்: ஏழில் இரண்டு போனால் ஐந்து, பாதி இரண்டரை. காற்றினால் சில நிமிடங்கள் முன்பின் வரலாம். சிங்கப்பூருக்கு மட்டுமல்ல, துபாய், ஹாங்காங், பாங்காக் என்று எந்த ஊருக்கும், இடையில் தங்காமல் செல்லும் விமானத்தின் சீட்டு கையிலிருந்தால் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

தேதி விஷயத்திலும் கவனம் தேவை. 15ஆம் தேதி 00.30 என்று சீட்டில் இருந்தால் அது 14ஆம் தேதி இரவு முடிந்த அரை மணியில் புறப்படும் விமானம். 14ஆம் தேதி இரவு 9.30 மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். "15ஆம் தேதி இரவுதானே" என்று நிதானமாகக் கிளம்பினால், விமானம் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகவே போயிருக்கும். சீட்டுப் பணமும் பெரும்பாலும் அதனுடன் போயிருக்கும். நடு இரவு விமானங்கள் அதிகமுள்ள வழியில் இந்தப் பிசகு எளிதில் நேரக்கூடியது.

தொலைபேசிக்கும் இதே கடிகாரம்தான். நம் ஊரில் மதியச் சாப்பாடு முடிந்து 3.30 மணிக்குப் பேசலாம் என்றிருந்தால், அங்கே மணி ஆறு. அலுவலகங்கள் மூடும் நேரம். காலை 10 மணிக்கு நாம் கடை திறந்து கணக்குப் பார்க்க உட்காரும்போது அங்கே 12.30, அவர்கள் சாப்பிடப் போகும் நேரம். ஆகவே விலை முடிவு, பணப் பட்டுவாடா, வங்கி விஷயம் எதுவானாலும் நம் நேரப்படி காலை எட்டரை, ஒன்பதுக்குள் பேசிவிடுவது உத்தமம். அங்கே அப்போது பதினொன்று, பதினொன்றரை. விற்பவரும் வாங்குபவரும் ஒரே நாளில் முடிவெடுக்கக் கிடைக்கும் பொது நேரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

கடை வாசலிலிருந்து கடை வாசல் வரை

மேலே சொன்ன 11.15 விமானத்தையே எடுத்துக்கொண்டு பாரிமுனை வணிகர் ஒருவரின் பயணத்தை எழுதிப் பார்ப்போம்.

கடையிலிருந்து மீனம்பாக்கம்: 1 மணி.
விமான நிலையத்தில் முன்னதாக இருக்க வேண்டியது: 3 மணி.
சீட்டின்படி விமானப் பயணம்: 4 மணி 30 நிமிடம்.
சாங்கியில் குடிநுழைவு, பெட்டி எடுத்தல், சுங்கம்: 1 மணி.
அங்கிருந்து சிராங்கூன் சாலை: 45 நிமிடம்.
மொத்தம்: 10 மணி 15 நிமிடம்.

அதாவது, இரவு 7.15க்குக் கடையை விட்டவர் சிங்கப்பூர் நேரம் காலை 8 மணிக்கு அங்கே போய் நிற்கிறார். வானில் இருந்தது மொத்தத்தில் பாதிகூட இல்லை. அவர் உடம்புக்கு அப்போது அதிகாலை ஐந்தரை மணி. இரவு தூக்கமும் சரியாக இல்லை. அந்த நிலையில் ஒன்பது மணிக்குப் பெரிய கொள்முதல் பேச உட்காருவது புத்திசாலித்தனமன்று. கண் எரிச்சலோடு பேசிய விலை பின்னால் கணக்கில் தெரியும். காலையில் குளித்து ஓய்வெடுத்து, பேச்சுவார்த்தையைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வதே சிறப்பு.

தென் மாவட்ட அன்பர்கள் கவனத்துக்கு

திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உள்ளன. திருச்சி – சிங்கப்பூர் வான்வழித் தூரம் சுமார் 2,980 கிலோமீட்டர். சென்னையிலிருந்து உள்ளதைவிட அறுபது, எழுபது கிலோமீட்டர்தான் அதிகம். விமானத்துக்கு அது ஐந்து நிமிடச் சமாசாரம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தத் திருச்சிக்காரர் சென்னைக்கு வந்தால் சாலையில் சுமார் 330 கிலோமீட்டர், அதாவது ஐந்தாறு மணி நேரம் செலவாகும்.

சென்னையில் சீட்டு விலை குறைவாக இருக்கும் நாளும் உண்டு. அப்போது சீட்டு விலையை மட்டும் ஒப்பிடாமல், சென்னைக்கு வந்து போகும் செலவு, விடுதி வாடகை, கல்லாவில் நாம் இல்லாத கூடுதல் நாளின் நஷ்டம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். பல நேரங்களில் மலிவுச் சீட்டுதான் விலை கூடியதாக முடியும்.

இடையில் மாறிச் செல்லும் விமானங்களுக்கும் இதே கணக்குதான். சென்னையிலிருந்து கொழும்பு வழியாகச் சிங்கப்பூர் சென்றால் மொத்தத் தூரம் சுமார் 3,400 கிலோமீட்டர். நேர்வழியைவிட 500 கிலோமீட்டர்தான் கூடுதல். பறக்கும் நேரத்தில் அரை மணிக்குச் சற்று மேல். ஆனால் கொழும்பில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது மூன்று மணியானால், பயணம் நாலு மணி கூடிவிடும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததைத் தவறவிடும் அபாயமும் உண்டு. இரண்டு விமானங்களுக்கும் ஒரே சீட்டாக வாங்கியிருந்தால், அடுத்ததில் இடம் தருவது பொதுவாக விமான நிறுவனத்தின் பொறுப்பாகும். தனித்தனிச் சீட்டாக வாங்கியிருந்தால் நட்டம் நம்முடையதே.

சரக்கு அனுப்புவோர்க்கு

பயணிக்கு நேரம் போனால் அலுப்பு. சரக்குக்கு நேரம் போனால் விலை போகும். மல்லிகைப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் பறித்த மொட்டு அன்றிரவுக்குள் மலர்ந்துவிடும். விமானம் நாலரை மணியில் போய்ச் சேரும் என்பது அந்த மொட்டுக்குப் போதுமான உறுதியல்ல. தோட்டத்திலிருந்து சந்தை, அங்கிருந்து கட்டுமிடம், அங்கிருந்து விமான நிலையச் சரக்குப் பிரிவு, சுங்கச் சோதனை, பாதுகாப்புச் சோதனை, பொருளுக்கேற்ற சான்றுகள் என்று நீளும் வரிசையில் விமானம் ஒரு கண்ணி மட்டுமே. விமானம் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே சரக்கை ஒப்படைக்க வேண்டும். ஆகவே உங்கள் சுங்க முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "விமானம் எத்தனை மணிக்கு?" என்பதன்று, "சரக்கை எத்தனை மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்?" என்பதே. அடுத்த கேள்வி, "அங்கே இறங்கியபின் எத்தனை மணிக்கு வெளியே கிடைக்கும்?" என்பது. வாங்குபவர் கடை திறக்கும் நேரத்துக்கு முன் கிடைத்தால்தான் அன்றைய விற்பனை. தவறினால் மறுநாள் விலைதான்.

கட்டணத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விமானத்தில் எடையைப் போலவே இடத்துக்கும் விலை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 6,000ஆல் வகுத்தால் வருவது 'கன அளவு எடை'. நிறுவை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 60, 50, 40 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியின் பெருக்கம் 1,20,000. 6,000ஆல் வகுத்தால் 20 கிலோ. அதில் அப்பளம், வடகம் நிரப்பித் தராசில் 11 கிலோதான் இருந்தாலும் 20 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். பத்துப் பெட்டிக்கு 90 கிலோவுக்கு வீண் கட்டணம். விரைவுக் கூரியர் நிறுவனங்கள் பல 5,000ஆல் வகுப்பதால் அங்கே அதே பெட்டி 24 கிலோவாகிவிடும். சரக்குக்குப் பொருத்தமாக, வெற்றிடமில்லாத பெட்டி செய்வித்தால் வரும் மிச்சம் வேறெந்தப் பேரத்திலும் வராது.

வாடாத சரக்குக்குக் கப்பலே போதும். மணிக்கு 14 கடல் மைல் வேகத்தில் போகும் கப்பல் 1,600 கடல் மைலை ஐந்து நாளுக்குள் கடந்துவிடும். ஆனால் விமானத்துக்குச் சொன்னது கப்பலுக்கும் பொருந்தும்: துறைமுகத்தில் பெட்டகம் காத்திருக்கும் நாட்கள், இடையில் வேறு துறைமுகம் செல்லும் நாட்கள், அங்கே இறக்கி விடுவிக்கும் நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குபவருக்குத் தேதி சொல்ல வேண்டும். தீபாவளி, பொங்கல் சரக்குக்கு இது மிக முக்கியம். பண்டிகை முடிந்து மறுநாள் வந்த சரக்கைப் பாதி விலைக்கும் கேட்பாரில்லை.

உறுப்பினர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. அடுத்த முறை சீட்டு எடுக்குமுன், அல்லது சரக்குக்குத் தேதி ஒப்புக்கொள்ளுமுன், ஒரு தாளில் கடை வாசல் முதல் கடை வாசல் வரை ஒவ்வொரு கட்டத்தையும் எழுதி, எதிரே மணியைப் போட்டுக் கூட்டிப் பாருங்கள். இந்தியக் கடிகார நேரம் ஒரு பக்கமும் சிங்கப்பூர்க் கடிகார நேரம் மறுபக்கமும் இருக்கட்டும். வரவு செலவுப் பேரேட்டை இரண்டு பக்கம் எழுதிப் பழகிய கைகளுக்கு இது ஒன்றும் பெரிய வேலையல்ல. பத்து நிமிடம் போதும். சொன்ன நேரத்தில் சரக்கும் ஆளும் போய்ச் சேர்ந்தால், அடுத்த ஆர்டர் தானாக வரும்.